பலிக்காத வேண்டுதலுக்குத் தீமிதித்தேன்

போன வருஷம் மாசி மாதம், ஒரு விடியற்காலையில் என் வீட்டுக்காரர் படுக்கையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது கையும் வலது காலும் வரவில்லை. வாய் கோணிக்கொண்டது. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றி, அத்தனை வளைவிலும் வண்டியை அலுங்காமல் இறக்கிக் கொண்டுவந்த மனுஷன், ஒரு தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அழுதார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நடப்பாரா என்று கேட்டதற்கு, பயிற்சி செய்யட்டும், பார்ப்போம் என்றார்கள். அந்தப் "பார்ப்போம்" ஒன்றோடு ஊருக்குத் திரும்பினோம்.

அம்மனை நம்பும் அக்கா தங்கச்சிகளே, எனக்கு வேறு யாரைத் தெரியும்? நேராக நம் திரௌபதி அம்மனிடம்தான் போனேன். அவர் நடந்து வந்து உன் வாசலில் நிற்கட்டும் தாயே, ஆடியில் தீமிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நாம் எல்லோரும் வேண்டுவது இப்படித்தானே. பலித்தால் செய்கிறேன் என்போம், பலிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். நான் வேண்டினதோடு நிற்காமல் ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அவரும் சும்மா இருக்கவில்லை. லோடு கட்டும் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். இடது கையால் அதைப் பிடித்துத் தினமும் எழப் பார்ப்பார். பாதி எழுந்து விழுவார். வியர்த்துக் கொட்டும். மறுபடியும் பிடிப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் நடந்தாரா என்று என்னைத்தான் கேட்பார்கள். அவர் கண் முன்னாலேயே, இன்னும் இல்லை என்று நான் உதட்டைப் பிதுக்குவேன்.

வைகாசியில் ஒருநாள் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னார். அதோடு சரி. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோற்றில் பாதியைத் தள்ளிவைத்தார். கூட வண்டி ஓட்டினவர்கள் பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், காலில்கூட விழுந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மனுஷன் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார், என்னால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. முயற்சியே பண்ணாமல் இருந்தால் எப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். குழறிக் குழறித்தான் பதில் சொன்னார்.

"தெனம் எழுந்துக்க பாத்துக்கினுதான இருந்தேன், செல்வி? உழுந்து உழுந்து எழுந்தேனே, அத்த நீயும் கணக்குல வைக்கல, ஒன் அம்மனும் வைக்கல. நடந்தாதான் ஒங்களுக்கு ஆவும். என்னால ஆவாது, வுட்டுடு."

அவர் சொன்னது உண்மை. நான் அம்மனிடம் கேட்டதே அப்படித்தான்.

ஆடி பிறந்து, தீமிதிக்கிறவர்களுக்குக் காப்பு கட்டும் நாள் வந்தது. இந்த வருஷம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்றதும் அழுகைதான் வந்தது. கடைசியில் இதுதான் வாயில் வந்தது: தாயே, நடக்க வை என்று இனிமேல் கேட்கமாட்டேன், எழப் பார்க்கிற அந்த மனசை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடு. சொன்ன கையோடு போய்க் காப்பு கட்டுகிற வரிசையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இன்னாம்மா, வூட்டுக்காரரு நடந்துட்டாரா?" என்றார் பூசாரி.

"இல்லீங்க. எழுந்துக்க பாத்தாருங்க. அதுக்குத்தான் மிதிக்கறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். பின்னால் நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? கடனை முன்னாலேயே தீர்த்துவிட்டால் அப்புறம் எதை வைத்து அம்மனிடம் கேட்பாய் என்றார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இருக்கிற ஒரே பிடியையும் விடுகிறோமே என்று தோன்றியது.

தீமிதி அன்று அவருடைய வண்டிக்கார நண்பர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிவந்து தீக்குழிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். வரமாட்டேன் என்று அவர் அடம் பிடித்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரகம் முன்னால் இறங்கியது. என் முறை வந்தது. சூடு தெரிந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. பால்குழியில் கால் நனைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"நான்தான் நடக்கலயே. இன்னாத்துக்கு மிதிச்ச?"

"எத்தினி தபா எழுந்துக்க பாத்தீங்க. அதுக்கு."

அவர் குனிந்து, இடது கையால் என் பாதத்தில் மிச்சமிருந்த சாம்பலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் காலையில், நான் காபி கொடுக்கும்போது, ஜன்னல் கம்பியில் அந்தக் கயிற்றைத் திரும்பக் கட்டு என்றார்.

இதுதான் அம்மன் எனக்குக் கொடுத்தது. அவர் நடந்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இன்னும் நடக்கவில்லை. நடப்பாரா, தெரியாது. சில நாள் ராத்திரி அந்த நினைப்பு வந்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை நிற்காது. ஆனால் தினமும் கயிற்றைப் பிடிக்கிறார். சோறு முழுசாகச் சாப்பிடுகிறார். பத்தாவது படிக்கும் என் மகள் பரீட்சைப் பேப்பரை நீட்டினால், மார்க்கைத் தேடி ஓடுகிற என் கண்ணை இழுத்துப் பிடித்து, இதில் உனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று முதலில் கேட்கிறேன். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொல்கிறாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது முயன்று முயன்று ஓய்ந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், கைவிட்டுவிடாதீர்கள். பலன் கொடு என்று கேட்பதற்கு முன்னால், பாடுபடுகிற மனசைக் கொடு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அம்மன் கொடுப்பாள். நேற்றுக் காலையிலும் என் வீட்டுக்காரர் எழப் பார்த்து விழுந்தார். தூக்கி உட்காரவைத்தேன். பிறகு போய் அம்மன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன்.