அம்மி உருளாத வாரம்

கரியேறிய ஓர் அலுமினியக் குண்டான், அதன் மூடி மேல் பாரத்துக்கு ஒரு செங்கல். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு நான் குடிவந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறையில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். உள்ளே மாம்பழம், பலாச்சுளை, அன்னாசி, கொஞ்சம் வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, வெல்லம். அக்கா அதற்கு வைத்த பெயர் பழத்தொக்கு. காலையில் மூட்டிய லெக்கோ, அதாவது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த அடுப்புக் கரி, மதியச் சமையல் முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கனலைச் சாம்பலால் பாதி மூடி, குண்டானை ஏற்றிவிட்டு அக்கா நகர்ந்துவிடுவார். கிண்டுவது கிடையாது. கரண்டி உரசினால் சத்தம் கேட்குமே!

அவர் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை, மண்ணை வெட்டும் ராட்சச இயந்திரத்தில். நைட் ஷிப்ட் வாரத்தில் பகல்தான் அவருக்கு இரவு. அந்தச் சின்ன வீட்டில் அம்மியில் அரைத்தால் கட்டில் வரை அதிரும். ஒருமுறை பகல் முழுக்கத் தூக்கமில்லாமல் ஷிப்டுக்குப் போனவர், இயந்திரத்தின் ஏணியில் கண்ணசந்து கால் வழுக்கி, வீங்கிய கணுக்காலோடு வீடு வந்தார். அன்றிலிருந்து அந்த வாரங்களில் அக்கா வீட்டில் சட்னி இல்லை, துவையல் இல்லை. பலாப்பழம் கொண்டுவரும் பண்ருட்டிக்கார அம்மாகூட எங்கள் வரிசையில் கூவ மாட்டார். ஜன்னலோரம் வந்து, "சார் தூங்கிகினு இருக்காருங்களா?" என்று மெல்லக் கேட்பார்.

"பழம் தானா கொழையட்டும், மனுசன் தானா முழிக்கட்டும்" என்பார் அக்கா. திருநெல்வேலிக்காரர், சொன்னால் சொன்னதுதான். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்படியொரு வாரத்தில், நடுப்பகலில் அவருடைய நாத்தனார் ஊரிலிருந்து வந்து இறங்கினார். அக்கா சூடாக இட்லி வைத்து, பக்கத்தில் தொக்கை வைத்தார். நாத்தனார் முகத்தைச் சுளித்தார்.

"எந்தம்பி வீட்டுல ஒரு தேங்காச் சட்னிக்கு வழியில்லையா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மியைப் பார்த்து நடந்தார். அக்காவிடம் மாவு வாங்கப் போயிருந்த நான், கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா ஓர் எட்டு முந்திப் போய், அம்மி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மியில் உட்காரலாமா! நாத்தனாருக்குக் கண் பிதுங்கிவிட்டது.

"ஏட்டி, அம்மி மேல உக்காந்தா குடும்பத்துக்கு ஆகுமாட்டி?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஆகாதுதான் மதினி. அவுக தூங்காம அந்த ஏணில ஏறுனா மட்டும் ஆகுமா? நீங்க தூக்கி வளத்த தம்பிதான அவுக?"

நாத்தனார் தம்பி தூங்கும் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு தட்டின் முன் அமர்ந்தார். இட்லியைத் தொக்கில் தோய்த்து ஒரு வாய், இன்னொரு வாய். "இன்னும் ரெண்டு வைட்டி" என்றார். அதைச் சத்தமே வராமல், கிசுகிசுவென்று சொன்னார். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அதுவும் சத்தமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

போன மாதம் என் மகள் ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கி அனுப்பினாள். கண்ணாடி மூடி, செங்கல் தேவையில்லை. மாம்பழமும் அன்னாசியும் நறுக்கிப் போட்டு மிளகாய் சேர்த்தேன். போனில் சொன்னதும், "அதுக்குப் பேரு சால்சாம்மா" என்று எனக்கே பாடம் எடுத்தாள். "பழம் வேகறதுக்குள்ள, இட்லிக்குச் சட்னிய மிக்சில அரைச்சிடேன்" என்றாள்.

கூடத்தை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் அதே சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்தான். சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இனி அவர் ஏற வேண்டிய ஏணி எதுவும் இல்லை. இருந்தாலும் மிக்சியின் பிளக்கைப் பிடுங்கி வைத்தேன்.