எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்கு

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர, நான் மட்டும் வாளிக்கு மேல் குனிந்து இன்னொரு தடவை முகர்ந்தேன். "தண்ணிய மோந்து பாக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி. அவளிடம் எப்படிச் சொல்வது? என் இளவயசுக்கென்று ஒரு வாசனை உண்டென்றால் அது இந்த வாடைதான்.

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் கால்களுக்கு நடுவே சுவர் எழுப்பி ஓர் அறை. எண்பதுகளின் கடைசியில் நகராட்சி அந்த அறையில் இளைஞர்களுக்காக ஒரு மையம் திறந்தது. பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருக்கும். எங்களுக்கு அது 'டேங்க்'. பகலில் பெண்களுக்குத் தையல் வகுப்பு. சாயங்காலம் பையன்களுக்கு. ஒரு கேரம் போர்டு, இரண்டு தினசரிகள், வேலைவாய்ப்புச் செய்திகள், மேலேயிருந்து எப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும் பிளீச்சிங் வாடை, அவ்வளவுதான் வசதி. மோட்டாரை நிறுத்த மறந்தால் தொட்டி வழிந்து ஜன்னலுக்கு வெளியே அருவி கொட்டும். குற்றாலம் போக வக்கில்லாத நாங்கள் பனியனோடு ஓடிப்போய் நிற்போம்.

நான் அப்போது பி.எஸ்சி. முடித்திருந்தேன். உலகத்தைத் திருத்திவிடும் வேகம். கேரம் போட்டி, கையெழுத்துப் பத்திரிகை, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று வாரத்துக்கு ஒன்றை ஆரம்பிப்பேன். எதுவும் அடுத்த மாதத்தைப் பார்த்ததில்லை. கையெழுத்துப் பத்திரிகையின் முதல் இதழில் என் கட்டுரையே மூன்று. இரண்டாம் இதழ் இல்லை.

மையத்தைப் பார்த்துக்கொண்டவர் ரெஜினாக்கா. நகராட்சி ஊழியர், திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவார். எங்களைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். எங்கள் அரட்டைக்கு நடுவே தலையிடாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர். நான் தொடங்கியவை எல்லாம் செத்துப்போக, அவர் தொடங்கிய ஒன்று மட்டும் நின்றது: சனிக்கிழமை பொய் இன்டர்வியூ.

அதற்கு ஒரு முறை உண்டு. வேலை கிடைத்த பையன் அடுத்த சனிக்கிழமை கட்டாயம் டேங்குக்கு வர வேண்டும். கைவைத்த ஒரே நாற்காலியில் அதிகாரியாக உட்கார்ந்து, கம்பெனியில் தன்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் மற்றவர்களிடம் கேட்க வேண்டும். வேலை கிடைக்காதவனுக்கு அந்த நாற்காலி கிடையாது. நேற்றுவரை கேரமில் திருட்டுக் காய் தள்ளியவன் கால்மேல் கால் போட்டு, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்பான். சிரிப்பை அடக்கவே தனிப் பயிற்சி வேண்டும்.

எங்களில் முதலில் வேலைக்குப் போனவன் அந்தோணி. மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலை. 'உன் பொழுதுபோக்கு என்ன?' என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். எங்கோ படித்ததை வைத்து, 'தபால்தலை சேகரிப்பது' என்று அடித்துவிட்டான். வேலை கிடைத்தது. விடுவோமா? அன்றிலிருந்து டேங்கில் யாரைக் கேட்டாலும் பொழுதுபோக்கு தபால்தலைதான். நாக்கால் நக்கி ஒட்டியதைத் தவிர எங்களில் எவனுக்கும் தபால்தலையோடு பழக்கம் கிடையாது. ஆனால் போனவர்கள் எல்லோரும் அதையே சொன்னோம். நானும் சொன்னேன், அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். என் டிகிரிக்காக எடுத்தார்கள் என்று அப்போது தோன்றவேயில்லை. தபால்தலையின் மகிமை என்றே நம்பினேன்.

அடுத்து செல்வம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவன், அதிகம் பேசமாட்டான். மேனாம்பேட்டில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது அவர்கள் நிலத்தில் பாதி அதற்குள் போயிற்று. "எங்க தாத்தா ஏர் ஓட்ன எடத்துலதான் உங்க கம்பெனி கேட் கீது. அது வழியா ஒருநாள் நானும் உள்ள போணும் மச்சான்" என்பான். அவனுக்கு அந்த வேலைமேல்தான் கண். அப்ரென்டிஸ் எடுக்க வயசு வரம்பு உண்டு. அந்த வருஷம் தவறினால் அவனுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

இன்டர்வியூ முடிந்து நேராக டேங்குக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"ஹாபி இன்னான்னு கேட்டாரு. ஸ்டாம்ப்புன்னேன். பேனாவக் கீழ வெச்சிட்டாரு. 'மேனாம்பேட்டுல இருந்து வர்ற எல்லாப் பசங்களும் ஸ்டாம்ப் சேக்கறீங்களே, ஊர்ல ஒரே குடும்பமா?'ன்னாரு."

அந்தோணி கேரம் காயை அப்படியே விட்டுவிட்டான்.

"'நானும் சின்ன வயசுல இருந்து சேக்கறேன். திங்கக்கெழம உன் ஆல்பத்த எடுத்துகிட்டு வா, பாத்துட்டு முடிவு சொல்றேன்'னாரு."

பிறகு ரெஜினாக்காதான் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும்வரை. துடைத்துக்கொண்டு சொன்னார்: "செல்வம், நீ போய் நெஜத்தச் சொல்லிடு. அதுதான் சரி."

"நெஜத்தச் சொன்னா எங்க வேலையும் பூடும்க்கா!" என்றான் அந்தோணி. அதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. உடனே என் வேகம் கிளம்பிவிட்டது: ஆல்பத்தை நாமே தயாரித்துவிடுவோம்.

அந்தச் சனியும் ஞாயிறும் மறக்க முடியாதவை. அந்தோணியின் மாமா மஸ்கட்டில் இருந்தார். அவன் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த தபால் உறைகள் எல்லாம் மூலை இழந்தன. வேண்டாம் என்று சொன்ன ரெஜினாக்காவே ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் கேட்டு, பெல்ஜியம், இத்தாலி என்று ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, தினசரியில் பரப்பி, மேலே கேரம் போர்டைக் கவிழ்த்து அழுத்தினோம். ஈரக் காகிதமும் பசையும் கேரம் பவுடரும் பிளீச்சிங்கும் கலந்த ஒரு வாசனை அறை முழுக்க. செல்வம் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, "இது எந்த ஊரு? இத எப்பிடிப் படிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எங்களுக்கும் தெரியாது. "யாருக்கு மாமே தெரியப்போவுது, ஒட்டு" என்றான் அந்தோணி.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாக செல்வத்தைப் பார்த்தேன். ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தான். நடந்ததை அன்று சாயங்காலம் அவன் சொல்லித்தான் கேட்டோம். அதிகாரி நிதானமாகப் பக்கம் புரட்டினாராம். ஒன்றில் விரல் வைத்து, 'இது எந்த நாடு?' என்றாராம்.

"தெரியாது சார்ன்னேன். இது என்னுதில்ல, பசங்க ஒட்டிக் குடுத்ததுன்னேன். 'அப்ப உனக்கு என்னதான் பிடிக்கும்?'ன்னாரு. ஏரில தூண்டி போடுவேன் சார்ன்னேன்."

"தூண்டியா! போயும் போயும் அதையாடா சொன்ன?" என்று அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான்.

எங்கள் யாருக்கும் அது பொழுதுபோக்காகத் தோன்றியதே இல்லை, அதுதான் வேடிக்கை. வேலையில்லாதவன் அம்பத்தூர் ஏரிக்கரையில் குந்தியிருப்பது ஒரு பொழுதுபோக்கா? ஆனால் எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்று செல்வம் மணிக்கணக்கில் பேசுவான். அவன் பேசி நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

அதிகாரி சிரித்தாராம். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்து, 'லெட்டர் வரும்' என்றாராம். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் செல்வம் வாசலுக்கு வந்து நின்றான். லெட்டர் வரவில்லை. எங்கள் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய வயசு வரம்பு தாண்டிப் போயிற்று.

அதன்பின் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது கைவைத்த நாற்காலியில் செல்வம் உட்கார்ந்திருந்தான்.

"டேய், அங்க ஏன்டா குந்திகினு கீற? எந்திரி" என்றான் அந்தோணி.

"வேல கெடச்சவன் கேள்வியவே கேட்டுகினு கீறோம். கெடைக்காதவன் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்." எதிரே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தான். கால்மேல் கால் போடவில்லை. "இந்த வேல கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அத்தனை சனிக்கிழமைகளில் அந்தக் கேள்விக்கு மட்டும் நாங்கள் பதில் தயாரித்து வைக்கவில்லை. ரெஜினாக்கா தினசரியை மடித்து வைத்துவிட்டு, "இதத்தான் நாம மொதல்ல பேசியிருக்கணும். அடுத்த வாரம் பேசுவோம்பா" என்றார்.

அடுத்த வாரம் திட்டம் முடிந்துவிட்டது என்று உத்தரவு வந்தது. ரெஜினாக்காவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தையல் மெஷின்கள் வண்டியேறின. கேரம் போர்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலி அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அடுக்கிப் பூட்டினார்கள். தெருவில் போனால் அந்த வாடை முன்னைவிடப் பலமாக அடித்தது.

நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பின் தொட்டியையும் இடித்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு; அந்த கேட்டும் இல்லை, செல்வத்தின் தாத்தா ஏர் ஓட்டிய இடம் எதுவென்று காட்ட ஆளும் இல்லை. அவன் எங்கே போனான் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள். போன வாரம் ஏரிப் பக்கம் போயிருந்தேன். அவன் வழக்கமாகக் குந்தும் இடத்தைத் தேடினேன். சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே நடைபாதை. வேலியில் புதுசாக ஒரு பலகை: 'இங்கு மீன் பிடிக்கக் கூடாது.'