மேலிடத்தில் ஒரு சொல்

மகனுடைய சட்டையை இராஜரத்தினம் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். முதலில் கழுத்துப்பட்டி, பிறகு கைகள், கடைசியில் முதுகு. ஓய்வுபெற்ற பிறகு அந்த வீட்டில் அவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது ஒன்றுதான். மறுநாள் சுஜந்தனுக்குச் சோதினை.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில என்ர ஒரு சீலையை எண்டாலும் மினுக்கித் தந்திருக்கிறியளே?" என்றாள் கமலாசனி, தேங்காய்ப்பூவைப் பிழிந்தபடி.

"நீர் சோதினை எழுதப்போறீரோ?"

"எழுதியிருந்தா எப்பவோ பாஸ் பண்ணியிருப்பன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கேட்டிருக்குமோ என்று இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

இராஜரத்தினம் இணுவிலில் பிறந்தவர். இளவயதிலேயே அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராகக் கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சரிவான ஒரு காணியில் வீடு கட்டி, அங்கேயே தங்கிவிட்டார். கந்தோர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று: கவுண்டரில் நிற்பவனோடு வாதாடக்கூடாது; அவனுக்கு மேலே இருப்பவரிடம் மரியாதையாக ஒரு சொல் சொல்லவேண்டும். கோபப்படமாட்டார், கையில் எதையும் திணிக்கவும் மாட்டார். டை கட்டிக்கொண்டு போய், வாங்கில் உட்கார்ந்து, ஆள் வரும்வரை காத்திருப்பார். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததும், மகனுக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததும் அப்படித்தான்.

மகன் பொறியியல் படிக்கக் கம்பஸ் போனபோதும் அதே டையைத்தான் கட்டினார்.

விடுதிக்குப் போன முதல் மாதத்திலேயே சுஜந்தன் சிவந்த கண்களோடு வீட்டுக்கு வந்தான். சோற்றில் கை வைக்கவில்லை. கமலாசனி துருவித் துருவிக் கேட்ட பிறகு, சீனியர் பெடியன்கள் புதியவர்களை நித்திரை கொள்ளவிடாமல் நடைபாதையில் நிறுத்தி வைப்பதைச் சொன்னான்.

"விடுங்கோ அப்பா. எல்லாருக்கும் நடக்கிறதுதான். கொஞ்ச நாளில முடிஞ்சிடும்."

"நீ படிக்கப் போனனியோ, பொலிஸ் ட்ரெயினிங்குக்குப் போனனியோ?"

மறுநாள் கம்பஸுக்குப் போய் உயரதிகாரி ஒருவரின் கந்தோர் வாசலில் இருந்தார். சொல்லவேண்டியதைச் சொன்னார். இரண்டு சீனியர் பெடியன்களைக் கம்பஸுக்கு வரவிடாமல் நிறுத்திவைத்தார்கள். சுஜந்தனின் பெயரை யாரும் வெளியே விடவில்லை. விடவும் தேவையிருக்கவில்லை. அன்று காலை முழுவதும் வாங்கில் இருந்த டை கட்டிய மனிதரின் மூக்கு அப்படியே மகனுக்கும் இருந்தது.

அந்தக் கிழமையே விடுதியை விட்டு மகனை வீட்டுக்குக் கூட்டிவந்தார். பெரிய அறையை அவனுக்கு விட்டுக்கொடுத்து, அவரும் மனைவியும் சின்ன அறைக்கு மாறினார்கள். மேசை விளக்கு, முதுகு நோகாத கதிரை, வேளைக்கு வேளை தேத்தண்ணி. தொலைக்காட்சி மூடியே கிடந்தது. சொந்தக்காரர் வருவதென்றால் முதலில் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். குக்கர் விசிலடித்தால் "ஷ்!" என்று குக்கரையே அதட்டுவார். ஒரு பிள்ளைக்குப் பெற்றவர்கள் இதற்கு மேல் என்ன செய்யமுடியும்?

ஆனாலும் முதலாம் வருடத்துப் பாடமொன்று சுஜந்தனுக்குச் சரிவரவில்லை. எழுதினான், தவறினான். திரும்ப எழுதினான், திரும்பவும் தவறினான். நாளைக்கு எழுதுவதுதான் கடைசி. அதிலும் விட்டால் பட்டமே இல்லை.

முந்தின நாள் பழைய கந்தோர் நண்பர் திருச்செல்வம் போனில் கேட்டிருந்தார்: "ரத்தினம், உம்மட பெடியன் குப்பிக்குப் போறேல்லையாமே?"

குப்பி என்றால் என்னவென்று இராஜரத்தினத்துக்கு அன்றுதான் தெரியவந்தது. சோதினைக்கு முன் சீனியர் மாணவர்கள் ஜூனியர்களைச் சுற்றி இருத்தி, பழைய வினாத்தாள்களைக் கணக்குக் கணக்காக உடைத்துச் சொல்லிக்கொடுப்பார்களாம். லெக்சரில் புரியாதது அங்கேதான் புரியுமாம். திருச்செல்வத்தின் மகள் றஜிதா சுஜந்தனோடு ஒரே வருடம் சேர்ந்த ஒரே பச். அவள் அப்படித்தான் கரைசேர்ந்தாள்.

சட்டையை மாட்டி வைத்துவிட்டு, முற்றத்து ரம்புட்டானில் ஒரு பையை நிரப்பிக்கொண்டு அவர் பஸ் ஏறினார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து அம்பிட்டியவில் திருச்செல்வம் வீட்டுக்குப் போனபோது மழை பிடித்துவிட்டது.

றஜிதா துவாய் கொண்டுவந்து கொடுத்தாள். "இருங்கோ அங்கிள்."

"பிள்ளை, இண்டைக்கு எங்கயாவது குப்பி நடக்குதே? சுஜந்தனையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போவியே? ஒரு மூலையில இருந்திட்டு வருவான்."

அவள் தகப்பனைப் பார்த்தாள். திருச்செல்வம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"முதல் வருசத்திலயே கூட்டிக்கொண்டு போனனான் அங்கிள். அவன் வந்து இருந்த உடன சொல்லித்தந்த அண்ணா கொப்பியை மூடிட்டார். எல்லாரும் எழும்பி மற்ற அறைக்குப் போயிட்டாங்கள்." சற்று நிறுத்தினாள். "நானும் எழும்பித்தான் போனனான். இல்லாட்டி எனக்கும் குப்பி இல்லை. அவன் உங்களுக்குச் சொல்லேல்லையா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நான் அண்டைக்குப் போய்ச் சொன்னது சட்டப்படி சரிதானே, பிள்ளை?"

"சரிதான் அங்கிள்."

"அப்ப அந்தச் சீனியர் பெடியனுக்கு மேல ஆர் இருக்கினம்? ஆரோட கதைச்சால் சரிவரும்?"

"அதுக்கு மேல ஒருத்தரும் இல்லை அங்கிள்" என்றாள் றஜிதா.

அவர் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மகனின் அறைக்குள் போனார். சுஜந்தன் மேசையில் இருந்தான். முன்னால் விரித்திருந்த வினாத்தாளில் பென்சில் கோடு ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை.

"றஜிதா வீட்ட போனனான்."

"தெரியும். மெசேஜ் போட்டவள்."

"ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா திரும்பவும் டை கட்டியிருப்பியள்."

அவன் குரலை உயர்த்தவில்லை. இராஜரத்தினம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். முப்பது வருடம் வரைபடங்களோடு வாழ்ந்தவருக்கு அதிலிருந்த ஒரு உருவம் மட்டும் விளங்கியது. அதன் கீழே இருந்த சமன்பாடுகள் ஒன்றும் விளங்கவில்லை. "இந்தப் படம் எனக்குக் கீறத் தெரியும்" என்றார். மகன் சிரிக்கவில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நாளைக்கு எழுதப் போவாய்தானே, தம்பி?"

சுஜந்தன் பென்சிலை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சதை எழுதினால் காணும். போவாய்தானே?"

குசினியிலிருந்து கமலாசனி சாப்பிடக் கூப்பிட்டாள். இராஜரத்தினம் மகனின் பதிலுக்காக இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழும்பி, ஈரமான சட்டையோடு அறையை விட்டு வெளியே போனார்.