லூப்பை விட்டு வெளியே வந்த வகுத்தல்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் சூளை எரிந்துகொண்டிருக்க, நான் மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் கணக்குப் போட மெஷின் வேண்டுமென்றால் ரயிலேறித்தான் ஆக வேண்டும். முதன்முறையாக, மின்கம்பிகளைத் தாங்கும் பெரிய பீங்கான் இன்சுலேட்டர்களை அதில் அடுக்கியிருந்தோம். சூளையை எவ்வளவு மெதுவாகத் தணிப்பது என்ற கணக்கு சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அத்தனையும் விரிசல் விடும். "இது புட்டுக்கிச்சுன்னா வூட்டோட இருந்துக்கம்மா" என்று சொல்லித்தான் மானேஜர் அனுப்பினார்.

என் புரோகிராமில் ஒரு லூப், சூளைச் சுவரின் ஒவ்வொரு அடுக்குக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும். ஒதுக்கிய நேரம் தீர்ந்துபோய் முதல் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் 'வேகமாக்கு' என்று சொல்ல வழி இருந்தது. சொன்னேன். சுற்றுக்குச் சுற்று மாறாத கணக்கை அது லூப்புக்கு வெளியே தூக்கி, ஒரே தடவை செய்துவிடும்.

இரண்டாவது ஓட்டம் எடுத்த எடுப்பிலேயே நின்றது. பூஜ்யத்தால் வகுத்துவிட்டதாம்.

"உங்க கணக்கே தப்பு மேடம். மெஷின் மேல பழி போடாதீங்க" என்றார் ஆபரேட்டர், டீயை உறிஞ்சியபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் மட்டும் அதால் வகு என்று லூப்புக்குள் நிபந்தனை போட்டிருந்தேனே! முதல் ஓட்டம் அந்த இடத்தை ஒழுங்காகத் தாண்டித்தானே போனது?

இனி ஒரே ஓட்டத்துக்குத்தான் நேரம். புரோகிராம் வரிகளைத் துளைகளாகப் போட்டிருந்த அட்டைகளை மேஜையில் பரப்பினேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரே அடுக்குக்கு நிமிஷம் நிமிஷமாகச் சுற்றும்போது இடைவெளி அந்த லூப்புக்குள் மாறுவதில்லை. அதைக் கண்டதும் கம்பைலர் வகுத்தலை மட்டும் வெளியே தூக்கியிருக்கிறது, நிபந்தனையை உள்ளேயே விட்டுவிட்டு. இடைவெளியே இல்லாத அடுக்கிலும் வகுத்துவிட்டது. கெட்டிக்காரத்தனம் முற்றினால் இப்படித்தான்.

நிபந்தனையை நானே வெளியே எடுத்தேன். இடைவெளி உள்ள அடுக்குக்கு ஒரு லூப், இல்லாததற்கு வேறொன்று. புது அட்டைகளைத் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பிரின்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியதும் அழுகையே வந்துவிட்டது.

விருத்தாசலத்துக்கு டிரங்க் கால் கிடைத்ததும், மணிக்கு எத்தனை டிகிரி குறைப்பது என்று கத்திக் கத்திச் சொன்னேன்.

"இது மெஷின் சொல்லுதா, நீ சொல்றியா?" என்றார் மானேஜர்.

"நான் சொல்றேன் சார்."

ரிசீவரைக் கையால் பொத்தாமலே அவர் சூளைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்: "அந்தப் பொண்ணு சொல்ற மாதிரியே தணிங்கப்பா!"

இன்சுலேட்டர்கள் விரிசலில்லாமல் வெளியே வந்த அன்றுகூட அதைக் கேட்டபோது வந்த அளவுக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.