நான் படிக்காமல் விட்ட பாதி

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் கவிழ்ந்து அண்ணன் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அண்ணி தாய்வீட்டுக்குப் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது, என் கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயம் எனக்கு. சுயநலம் பிடித்த கழுதை நான்.

பைபிள் கதைகளை வைத்து எழுதிய சரித்திர நாவல்கள் என்றால் அப்போது எனக்குப் பைத்தியம். கும்பிடுவது மாரியம்மனை, படிப்பது யூதேயா தேசத்தை. அண்ணி களைவெட்டிவிட்டு வந்து கஞ்சி குடிக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அந்த வாரம் படித்தது, புருஷன் செத்த பிறகும் மாமியாரை விடமாட்டேன் என்று கூடவே போன ஒரு மருமகளின் கதை.

அறுத்த வயலில் அவள் கதிர் பொறுக்கும் இடம் வந்ததும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிலத்துக்காரன் அவளுக்காக வேண்டுமென்றே கதிரைச் சிந்தச் சொன்னான் என்றதும் சிரித்துவிட்டாள்.

"நம்மள மாட்டத் தொரத்தறாப்புல இல்ல தொரத்துறாங்க! எந்த ஊர்ல இது?"

அவனையே அவள் கட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். முன்பே முழுசாகப் படித்திருந்தேன். புத்தகத்தை மூடி, "அவ்ளோதான் அண்ணி. கடைசி வரிக்கும் மாமியாரோடவே இருந்துட்டா," என்றேன்.

மறுவாரம் அண்ணியின் அண்ணன் வந்தார். கருணாபுரத்தில் மூட்டை தூக்கும் ஒருவர், பொண்டாட்டியை இழந்தவர், அண்ணியைக் கேட்கிறார் என்றார்.

"அத்தய வுட்டுட்டு வரமாட்டேன். அந்தக் கதையில அவ போனாளா?" என்று அண்ணி அவரை அனுப்பிவிட்டாள். என் கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

பன்னிரண்டு வருஷம் அம்மாவுக்கு எல்லாம் அண்ணிதான் செய்தாள். அம்மாவின் கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். அவளோடு நடவு நடுகிற, சர்ச்சுக்குப் போகும் ஒருத்தி மீதிக் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"அவளுக்கு மறுக்கா கண்ணாலம் ஆச்சாமே?"

"ஆமா அண்ணி."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கொயந்த பொறந்துச்சா?" என்றாள்.

ஆண் குழந்தை, மாமியார்தான் மடியில் போட்டு வளர்த்தாள் என்றேன்.

"நம்ம அத்தயும் வளத்திருப்பாங்க," என்றாள்.