தொடாமல் வைத்த பங்கு

பேருந்து நிலையத்துச் சாமான் அறையில் வேலை பார்த்த டோக்கன்காரரிடம் ஒரு யானையை ஒப்படைத்தாலும், கழுத்தில் டோக்கன் வில்லையை மாட்டி மூலையில் கட்டிவைப்பார். திரும்ப வாங்க வரும்போது அது ஒரு சுற்றுப் பெருத்திருக்குமே தவிர இளைத்திருக்காது. யாரோ மறந்துபோன குடை ஒன்று அங்கே வருஷக்கணக்காகத் தொங்கியது. கொட்டுகிற மழையில் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்குப் போவாரே ஒழிய, விரிக்க மாட்டார். அசட்டுப் பிறவி என்பாள் அவருடைய அக்கா. வேறு யாராவது அப்படிச் சொன்னால் வாயைக் கிழித்துவிடுவாள்.

கல்யாணம் செய்துகொள்ளாத மூத்த அண்ணன் இறந்தபோது, வீட்டையும் வங்கிப் பணத்தையும் இந்த இருவருக்கும் சரிபாதியாக உயில் எழுதியிருந்தார். சாவு வீட்டுக் கண்ணீர் காயுமுன் ஒரு மரக்கடைக்காரர், செத்தவர் தனக்குப் பெருங்கடன் பட்டிருப்பதாக வழக்குப் போட்டார். அது தீரும்வரை சொத்தை யாரும் தொடக்கூடாது என்றாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து டோக்கன்காரருக்குக் கண் மங்கியது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிறது, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்றார் மருத்துவர். வழக்கு காத்திருக்கும், கண் காத்திருக்காது என்று அக்கா வக்கீலைப் பிடித்து மனுப் போட்டாள். நீதிபதி மருத்துவச் சான்றைப் படித்தார். தம்பியின் பங்கில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுக்க உத்தரவிட்டார். கடன் நிரூபணமானால் திருப்பித் தருவதாக மட்டும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கையெழுத்தைப் போடுடா, யோசிக்காதே."

"திருப்பிக் கேட்டா குடுக்கணுமாமே, அக்கா?"

"கேக்கும்போது பாத்துக்கலாம். மொதல்ல கண்ணைப் பாரு."

போட்டார். பணம் அவர் கணக்கில் விழுந்தது. அக்கா தன் ஊருக்குத் திரும்பினாள். போனில் கேட்டபோதெல்லாம், "தேதி குடுப்பாங்கக்கா" என்றார். பிறகு, "முன்னைக்கு இப்போ தேவலைக்கா" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். பழக்கமில்லாதவன் சொன்ன பொய் என்பதால் அவளும் நம்பிவிட்டாள்.

இழுத்துப் பறித்து வழக்கு முடிந்தது. மரக்கடைக்காரர் காட்டிய பத்திரம் போலி. மீதிப் பங்கும் வரப்போகிற சேதியோடு அக்கா நேரே சாமான் அறைக்கு ஓடிவந்தாள். தம்பி பெட்டிகளைத் தடவித் தடவி, வில்லையின் எண்ணை விரலால் படித்துக்கொண்டிருந்தார். எதிரே வந்து நின்றவளிடம், "என்ன சாமான்ங்க?" என்றார்.

"அடப்பாவி, நான்டா!"

"அக்காவா? சொல்லாம வந்துட்டே?"

"ஆபரேஷன் பண்ணலியா?"

"அவன் ஜெயிச்சிருந்தா எதை எடுத்துக் குடுப்பேன்? கண்ணை நோண்டியா குடுக்க முடியும்?"

ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், அணைத்தார், இனி முடியாது என்று தலையை அசைத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வந்த திசையில் கையை நீட்டி அவளுடைய தோளைத் தேடிப் பிடித்தார் தம்பி.

"அழாதேக்கா. பணம் அப்படியே இருக்கு. வட்டிகூடச் சேர்ந்திருக்கு."

அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.