பின்சீட்டில் தலையாட்டிய அம்மா

புதுக் காரில் இருபத்துமூன்று ஸ்பீக்கர். கம்பெனியிலேயே பொருத்தி வந்தவை. அதற்காகவே அந்தக் காரை வாங்கினேன்.

திருவண்ணாமலைக் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினோம். பக்கத்தில் நண்பன், பின்சீட்டில் அம்மா. அவனிடம் பெருமை காட்ட நாதஸ்வரம் போட்டேன்.

“சத்தத்தக் கம்மி பண்ணுடா. தலைய வலிக்குது,” என்றார் அம்மா.

“கோயில்ல ஸ்பீக்கர் கட்டி அலறுனா மட்டும் கையெடுத்துக் கும்புடுற. இது சத்தமாம்மா உனக்கு?” என்றேன். நண்பன் சிரித்தான். ஒலி முழுவதையும் பின்பக்கம் திருப்பி, இன்னும் கூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் நண்பன் கண்ணாடியைக் காட்டினான். “அம்மா எப்படித் தலையாட்டுறாங்க பாரு மச்சான்.” நானும் பார்த்தேன். தாளத்துக்கு ஆடுவது போலத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வீட்டு வாசலில் பாட்டை நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதம். உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். வழியில் எத்தனை ஆஸ்பத்திரியைத் தாண்டி வந்தோம்.

“அம்மா என்னைக் கூப்பிட்டாங்களாடா?” என்று நண்பனைக் கேட்டேன்.

“எங்கடா கேட்டுச்சு?” என்றான்.

இப்போது அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு அவர் வாயருகே காதை வைக்கிறேன். ஒரு வார்த்தையும் புரிவதில்லை. அன்றைக்குத் தெளிவாகத்தான் சொன்னார். நான் கேலி பேசினேன்.